மூலையில் உட்கார்ந்த மருமகள்

"அண்ணி எங்கம்மா?"

வேப்பூர் பஸ்ஸை விட்டிறங்கி வந்த அன்பரசி இன்னும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பழமலைநாதர் கோயில் மாசிமகத் தேருக்கு வீடு கொள்ளாத சனம். அடுப்படியில் அம்மா செல்வநாயகி ஒண்டியாளாய் வேர்த்து வழிந்துகொண்டிருந்தாள்.

"பின்னாடி ரூமுல. வூட்டுக்குத் தூரம்."

"அதுக்கு? ரூமுல போட்டு அடைச்சுட்டியா? எந்தக் காலத்துலம்மா இருக்கே நீ?"

கூடத்தில் இருந்த பாவாடை சித்தப்பா தலையாட்டினார். "இந்தக் காலத்துல இப்படி ஆசாரம் பாக்குற மாமியா எங்க இருக்குது? பேஷ்!"

அன்பரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர் ரெண்டாம் வருஷத்தோடு அவளைக் கட்டிக்கொடுத்த புண்ணியவதியும் இதே அம்மாதான். அண்ணி மதிவதனியோ எம்.ஏ. அவளைப் போய் மூலையில் உட்கார வைப்பதா!

விறுவிறுவென்று போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். "வெளிய வாங்க அண்ணி! இந்த அநியாயத்த நான் கேக்கறேன்."

உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பாய் முழுக்கப் புத்தகங்கள்.

"அய்யோ அன்பு, கதவச் சாத்து!" மதிவதனி கையெடுத்துக் கும்பிட்டாள். "நாளன்னிக்கு டீச்சர் வேலைக்குப் பரீட்சை. இலக்கிய வரலாறு இன்னும் பாதி கெடக்குது."

பின்னாலேயே பீங்கான் கப்பில் காப்பியோடு வந்த அம்மா, கதவைச் சாத்திவிட்டுக் குசுகுசுத்தாள்.

"அவளுக்குத் தூரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. போன வருசம் தேருக்கு வந்த சனத்துக்கு இட்லி ஊத்தியே பரீட்சை போச்சு. படிக்கிறான்னு சொன்னா எவ வுடறா? 'கல்யாணம் ஆனவளுக்கு என்ன படிப்பு'ன்னு கையப் புடிச்சு இழுப்பாளுவ. தூரம்னு சொல்லிப் பாரு, ஈ காக்கா அண்டாது!"

"நாடகம் பாக்கறவங்களுக்குத் தெரியும், மேடையில இருக்கறவங்களுக்குத் தெரியாது. டிராமாட்டிக் ஐரனி!" அண்ணி கண் சிமிட்டினாள். "அத்தைக்குத்தான் மொதல்ல சொல்லிக்குடுத்தேன். கப்புனு புடிச்சுக்கிட்டாங்க."

ஆடியில் வேலைக்கு ஆர்டர் வந்தது. வீட்டில் மறுபடியும் சனம். பாவாடை சித்தப்பா லட்டை வாயில் போட்டுக்கொண்டு முழங்கினார். "ஆசாரம் கெடாத வூடு! பழமலைநாதர் சும்மா வுடுவாரா?"

அம்மா துளிகூடச் சிரிக்கவில்லை. பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள். அப்புறம் மெல்ல அன்பரசியின் காதருகே குனிந்தாள்.

"ஒன்ன அவசரப்பட்டுக் கட்டிக்குடுத்தது என் தப்புதான்டி. வுட்ட படிப்ப எடு. அடுத்த தேருக்கு நீ தூரம்!"