பட்டறை லைன்

"மனுஷன் மூச்சு விடக் கரண்ட் இல்லை. உனக்கு மரம் அறுக்கக் கரண்ட் கேக்குதா?"

காலி ஆக்ஸிஜன் சிலிண்டரை டமாரென்று படியில் வைத்தாள் நஜ்வா. எந்தக் கடையிலும் நிரப்பித் தரவில்லை.

கீழ் வீட்டு ஷஃபீக் நிமிரவில்லை. வாசலில் குந்தியபடி ஒரு தடித்த சிவப்பு பிளக்கில் வயர் முடுக்கிக்கொண்டிருந்தான். அஞ்சு பின், முந்நூற்றெண்பது வோல்ட். பக்கத்தில் தார்ப்பாய் போர்த்திய ரம்ப மெஷின்.

"மெதுவாப் பேசுங்க, உம்மு நதீம்." மகன் பேரைச் சேர்த்து, நதீமின் அம்மா என்றுதான் அவளைக் கூப்பிடுவான்.

"ஏன் மெதுவா? த்ரிப்போலி முழுக்கக் கேக்கட்டும்! முடி வெட்டறவனுக்கு எதுக்குடா ரம்பம்? யார் கழுத்தை அறுக்க?"

தெருவுக்குக் காசுக்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டர்காரர் அபூ தலால் போன வாரமே சொல்லிவிட்டார். டீசல் தட்டுப்பாடு; இன்று முதல் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை வீட்டு லைன் கிடையாது. பெரிய மெஷின் வைத்திருப்பவர்களுக்கான மூணு ஃபேஸ் பட்டறை லைன் மட்டும் ஓடும்.

மாடியில் அவள் கணவன் வதீ ஆக்ஸிஜன் மெஷினை நம்பித்தான் உயிர் வாழ்கிறான். கெஞ்சிப் பார்த்தாள். "உனக்குக் கொடுத்தா தெருவே கேக்கும்மா" என்று கை விரித்தவர், ஷஃபீக் வாசலில் ரம்பம் வந்து இறங்கியதும் லைன் இழுத்துக் கொடுத்துவிட்டார்.

நஜ்வா குனிந்து பிளக்கைப் பார்த்தாள்.

"அஞ்சு பின்னுக்கு மூணு வயரா? எலக்ட்ரீஷியன் பொண்டாட்டி சொல்றேன், ரெண்டு ஃபேஸை விட்டா மோட்டார் எரிஞ்சே போகும்."

"சரிங்க." அவன் கடைசித் திருகை முடுக்கினான். "மணி ரெண்டாகப் போகுது. மேல போங்க. அவர் தனியா இருக்கார்."

பாதிப் படி ஏறும்போதே விளக்கு அணைந்தது. ஓடினாள்.

மின்விசிறி நின்றிருந்தது. மெஷினும் நின்றிருந்தது. வதீ மூச்சு வாங்க எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் வழியே வந்திருந்த கறுப்பு வயரின் முனையில் மெஷினின் பிளக்கைச் செருகினான். கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டினான்.

கீழே 'டக்'கென்று ஒரு சத்தம். மெஷின் உறுமிக்கொண்டு எழுந்தது.

"என்னங்க இது?"

அவன் மூச்சு சீராகும்வரை பொறுத்துச் சொன்னான்: "நீ சிலிண்டர் தேடிப் போனப்ப ஷஃபீக் இழுத்து விட்டான். பட்டறை மெஷின் இருந்தாத்தானே பட்டறை லைன் தருவாங்க? பழைய இரும்புக் கடையில வாங்கின ரம்பம். உள்ள மோட்டாரே இல்லை. என் மெஷினுக்கு ஒரு ஃபேஸ், மூணு வயர் போதும். உனக்குப் பொய் சொல்ல வராதாம், அதான் சொல்லாதேன்னான்."

தெருவில் அபூ தலாலின் குரல் கேட்டது.

"என்னப்பா ஷஃபீக், லைன் கொடுத்தாச்சு, ரம்பச் சத்தமே காணோமே?"

"அது... வந்து..."

நஜ்வா ஜன்னலைப் படாரென்று திறந்தாள்.

"சத்தம் காணோமா? காது கிழியுது, அபூ தலால்! இப்பத்தான் சண்டை போட்டு நிறுத்த வச்சுட்டு வரேன். இனிமே அந்த ரம்பத்தை ஓட்டினான்னா, அவன் கையை முறிச்சுடுவேன்!"