அண்ணிக்கு வந்த நாற்காலி

"எங்க அண்ணிக்கு ஆபீஸ் வேலை! ஏ.சி. ரூம்! அதே சம்பளம்!"

நாத்தனார்காரி போட்ட கூச்சலில், செருப்புக் கம்பெனியின் பசை ஒட்டும் கூடமே எழுந்து நின்றது. ஒரே கைதட்டல், விசில். யாரோ அண்ணியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியே விட்டார்கள்.

விஷயம் இதுதான். சர்க்கார் டாக்டர் வந்து எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார். இன்றைக்குக் கூடத்துக்கு நடுவில் நின்று சொன்னார்.

"இந்தப் பசை நெடி உள்ளே போய் டி.என்.ஏ.வை அங்கங்கே கிழிக்கும். கிழிஞ்சதை உடம்பே தைச்சுக்கப் பார்க்கும். இந்தம்மாவுக்கு அந்தத் தையல் பிறவியிலேயே வீக். சீக்கிரமே புத்துநோய் வந்துடும். இவங்க இங்கே வேலை செய்யணும்னா, நெடியை வெளியே இழுக்கிற மிஷின் போட்டாகணும். இல்லே, வேற இடத்துக்கு மாத்துங்க. எது வேணும்னு அவங்களே சொல்லட்டும். வேலையை விட்டு மட்டும் தூக்கக் கூடாது."

முதலாளிக்கு வாயெல்லாம் பல். "மாத்திட்டாப் போச்சு! வாம்மா, ஆபீஸ் ரூம்ல அதே சம்பளத்துக்கு நாற்காலி ரெடி!" அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

அண்ணி பசை டப்பாவை மூடி வைத்தாள்.

"வேணாம் சார். எனக்கு இந்த வேலைதான் வேணும். மிஷின் போடுங்க. அதுவரைக்கும் வாசல்ல உட்கார்ந்திருக்கேன்."



முதலாளி கெஞ்சினார், முறைத்தார், டாக்டரைப் பார்த்தார். டாக்டர் அசையவில்லை. "சரியான வீம்பு பிடிச்ச பொம்பளை!" என்று முணுமுணுத்துக்கொண்டே, மிஷினுக்குச் சொல்லிவிடப் போனை எடுத்தார் முதலாளி.

நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலுக்கே ஓடினாள்.

"உங்களுக்கென்ன பைத்தியமா அண்ணி? தேடி வந்த வேலையைக் காலால எட்டி உதைக்கிறீங்க! எனக்குக் கிடைச்சிருந்தா பறந்திருப்பேன். அண்ணன் வரட்டும், சொல்றேன் பாருங்க. உங்க பிள்ளைங்க முகத்தையாவது நினைச்சீங்களா? அந்தாளை ஜெயிக்கணும்னு அப்படி என்ன வறட்டுப் பிடிவாதம்?"

"முடிச்சிட்டியா?"

"இல்லே! எங்க ரத்தமெல்லாம் நல்லாருக்கு, நாங்க தாங்கிக்குவோம். உங்க உடம்புக்குத்தானே ஆபத்து?"

அண்ணி அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். நகக்கண்ணில் காய்ந்திருந்த பசையை மெல்லச் சுரண்டி எடுத்தாள்.

"நான் ஏ.சி. ரூமுக்குப் போயிட்டா, இந்தக் கூடத்துக்கு மிஷின் வருமாடி? எனக்கு நோய் சீக்கிரம் வரும்னுதான் டாக்டர் சொன்னாரு. உங்களுக்கெல்லாம் வரவே வராதுன்னு எப்போடி சொன்னாரு?"