இழுத்தால் விழும் பட்டம்

கரைப்பக்கம் வீசும் காற்று ஓய்ந்துகொண்டே வருகிறது. மாலை வெயிலில் கடல் எண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது. தன்னைக் கடலில் இழுத்துச் செல்லும் பெரிய பட்டத்தின் கைப்பிடிக் கம்பியை அவள் மார்போடு இறுக்கியிருக்கிறாள். தன் பட்டம் அறுந்துபோன கணவன் தண்ணீரில் மிதந்தபடி அவள் இடுப்புவாரைப் பற்றித் தொங்குகிறான். மேலே பட்டம் படபடத்துப் பின்னால் சரிகிறது. "இழுடி, விழுது!" என்று அலறுகிறான். "இழுத்தாதாங்க விழும். விட்டுக் குடுத்தாதான் காத்தப் பிடிக்கும். பேசாம கெட்டியா பிடிங்க." கை இழு இழு என்று துடிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கம்பியை மெல்லத் தள்ளி விடுகிறாள். கயிறுகள் தொய்கின்றன. இடுப்பில் அவன் விரல்கள் ஒவ்வொன்றாக நழுவுகின்றன. அவன் சட்டையை ஒரு கையால் அள்ளிப் பிடிக்கிறாள். அப்போதுதான் பட்டம் சிலிர்த்துக் காற்றைக் கவ்வுகிறது. கயிறுகள் விண்ணென்று இறுகுகின்றன. பட்டத்தை மறு கையால் இடமும் வலமுமாக வீசிக்கொண்டே இருக்கிறாள். கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருகிறது. கண்ணைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.