பம்புக்கு மாட்டிய வளையம்

என்னுடைய ரப்பர் வளையத்தை ஃபிட்டர் அண்ணன் தண்ணீர் பம்புக்கு மாட்டிக்கொண்டிருந்தார்.

மாட்டுவதற்கு முன் இழுத்துப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதுதான் சரக்கு. இப்பல்லாம் எவன் இப்படிச் செய்யிறான்?"

தலையில் சும்மாடும் கையில் காலிச் சட்டியுமாக, நான் மணல் குவியலுக்குப் பக்கத்தில் வாயைப் பிளந்து நின்றேன்.

அது பம்புக்குச் செய்த சாமான் இல்லை. எனக்குச் செய்தது.

பிள்ளை பெற்றதும் பாரம் தூக்கியதும் சேர்ந்து என் கருப்பை கீழே இறங்கிவிட்டது. இருமினால் தட்டுப்படும், குந்தினால் எட்டிப் பார்க்கும். டாக்டரம்மா சுவரில் தொங்கிய படத்தைக் காட்டி, அதைத் தாங்குகிற தசையெல்லாம் தளர்ந்துவிட்டது என்றார். தளத்துக்கு அடியில் நீங்கள் முட்டுக் கொடுப்பதில்லையா, அப்படித்தான் இதுவும் என்று சொல்லி அந்த வளையத்தை யோனிக்குள் பொருத்திவிட்டார். ராத்திரி எடுத்துக் கழுவி, காலையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாரம் தூக்காதே என்றும் சொன்னார். அதை மட்டும் நான் காதில் வாங்கவில்லை.

அன்று தூங்கி எழுந்ததே தாமதம். வேலையிடத்துக் கக்கூசில் வைத்துக்கொள்ளலாமென்று வளையத்தை மடியில் முடிந்து ஓடி வந்திருந்தேன். பம்படியில் முகம் கழுவக் குனிந்தபோது நழுவியிருக்கிறது.

என்னுடையது, கொடுங்கள் என்று கேட்கலாம். எதற்கு என்பார். சங்கதி மேஸ்திரி காதுக்குப் போனால் சீக்குப் பிடித்த பொம்பளை என்று நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார். என் வீட்டில் உலை வைப்பது என் கூலிதான்.

கேட்காமலும் முடியாது. அன்று தளம் போடுகிற நாள். கலவைச் சட்டியோடு படியேற வேண்டும். வளையம் இல்லாமல் ஏறினால் பாதிப் படியிலேயே எனக்கு முன்னால் என் கருப்பை இறங்கிவிடும்.

பம்பு ஓடியது. சீக்குப் பூனை மாதிரி கண்ட இடத்தில் ஒழுகிக்கொண்டிருந்த பம்பு, ஒரு சொட்டுச் சிந்தவில்லை. மேஸ்திரியே வந்து பார்த்துத் தலையாட்டினார். உள்ளதைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் பம்பை நிறுத்தினேன். அண்ணன் போட்டுவிட்டுப் போன ஸ்பேனரால் பம்புக் குழாயின் மூட்டைக் கழற்றினேன். வளையத்தை எடுத்துக்கொண்டு கக்கூசுக்கு ஓடி, சோப்புக் கரையக் கரையத் தேய்த்துக் கழுவி, அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். உயிர் வந்தது.

திரும்பி வந்தால் பம்படியில் கூட்டம். யாரோ பம்பைப் போட்டிருக்கிறார்கள். மூட்டிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடிக்க, நனைந்த கோழியாக ஃபிட்டர் அண்ணன் சேற்றில் மண்டியிட்டு வளையத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி குதித்தார். தண்ணீர் இல்லை என்றால் தளம் இல்லை, தளம் இல்லை என்றால் கூலி இல்லை, எல்லோரும் வீட்டைப் பார்த்துப் போகலாம் என்றார். அதற்கு முன்னால் ஆளாளுக்கு மடியை அவிழ்த்துக் காட்ட வேண்டுமாம்.

என் மடியில் கனமில்லை. ஆனாலும் பயமாக இருந்தது. இத்தனை பேர் பிழைப்பும் என்னால் கெடுகிறதே, சொல்லித் தொலைக்கலாம் என்று வாயெடுத்தேன்.

பெரியக்கா முந்திக்கொண்டாள்.

எங்கள் சித்தாள் கூட்டத்தில் மூத்தவள் அவள். சட்டியைக் கையால் பிடிக்காமல், மேஸ்திரியைத் திட்டிக்கொண்டே உச்சி மாடிவரை ஏறுகிறவள். என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தாள். அடுப்புக்கு வாங்கிய வளையம் ஒன்று தன்னிடம் இருக்கிறது, கத்தாமல் நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கக்கூசுப் பக்கம் போனாள். போனவள் ஈரக்கையோடு வந்து ஃபிட்டர் அண்ணன் உள்ளங்கையில் ஒரு வளையத்தை வைத்தாள். என்னுடையதைவிட ஒரு சுற்றுப் பெரியது.

"என்னக்கா, சூடா இருக்கு?"

"வெயில்ல கெடந்துச்சு தம்பி. பேசாம மாட்டு."

மாட்டினார். பம்பு ஓடியது. கலவை தயாரானது.

பெரியக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் இரண்டையும் ஒட்டினாற்போல வைத்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறினாள்.

நான் பின்னாலேயே போய் அவள் சட்டியிலிருந்து பாதியை வழித்து என் சட்டியில் போட்டுக்கொண்டேன். பேசினால் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

அவளுக்கும் உதடு துடித்தது.

"அந்தப் பக்கம் திரும்பிக்கடி. இன்னைக்கு நான் சிரிக்கக் கூடாது."