பதினாறாம் பக்கம்

ஒரு தாளைத் திருப்ப வேண்டிய இடத்தில் இரண்டு தாள்கள் சேர்ந்து வந்துவிட்டன.

பதின்மூன்றுக்குப் பிறகு பதினான்கு வர வேண்டும். என் விரலுக்குக் கீழே பதினாறு நின்றது.

எனக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவன் நான்; எண்கள் மட்டும் தெரியும். குபெஷோவா டீச்சர் பியானோ வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தலையசைத்ததும் தாளைத் திருப்புவது நான்கு வருடங்களாக என் வேலை. ஊரில் இசை படித்தவர்கள் அத்தனை பேர் இருக்க, என்னைக் கூப்பிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இப்போது அது இறங்கிவிட்டது. டீச்சர் தடுமாறப்போகிறார், என்னால்.

எங்கள் இசை நண்பர்கள் வட்டத்தைத் தொடங்கியவரே அவர்தான். சர்க்கரை ஆலையின் சாப்பாட்டுக்கூடத்தில், பதினோரு பேருக்கு முன்னால். நகர மன்றக் கூடத்துக்கு வந்து, இது இருபத்தாறாவது குளிர்காலம்.

போன மாதம் அவர் மேடைப் படியில் தடுக்கி விழப் பார்த்தார். அன்றிலிருந்து வட்டத்தின் புதிய தலைவர், இன்னொரு தவறு நடந்தால் ப்ர்னோ நகரத்திலிருந்து பியானோ வாசிக்கும் ஓர் இளைஞரை வரவழைத்துவிடலாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் டீச்சர் நிற்கவில்லை.

வயலினும் செல்லோவும் அவரோடு இழைந்து போய்க்கொண்டிருந்தன. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மனப்பாடம் போலிருக்கிறது என்று மூச்சு விட்டேன். அப்புறம்தான் அவர் முகத்தைக் கவனித்தேன். மனப்பாடமாக வாசிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், இல்லையென்றால் வயலின்காரரைப் பார்ப்பார்கள். டீச்சர் தவறான பக்கத்தையே, வரி வரியாகப் படிப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு முறையும் மேடையேறும் முன் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்பார். கூட்டம் வர வேண்டுமே என்ற கவலை என்று நினைத்திருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதை மரியாதை என்று நினைத்திருந்தேன்.



அப்போது டீச்சர் தலையசைத்தார்.

திருப்புவதற்கு எதுவும் இல்லை. பதினாறு ஏற்கெனவே அங்கே இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் கூடமே கவனிக்கும்.

எழுந்தேன். தாளின் மேல் முனையைத் தொட்டேன். கையை வலமிருந்து இடமாக வீசி, ஒன்றுமில்லாததைத் திருப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

முன்வரிசை இடது ஓரத்தில் ஸ்டீப்லோவின் பென்சில் அசைந்தது.

ஸ்டீப்லோ எங்கள் பதிவேட்டை எழுதுகிறவர். ஓய்வு பெற்ற இசை ஆசிரியர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். யார் இருமினார்கள், எந்த நாற்காலி கிரீச்சிட்டது, எதையும் விட மாட்டார். ஜனவரிக் கூட்டத்தில், தலைவருக்கு முன்னால், அதை உரக்கப் படிப்பது வட்டத்தின் வழக்கம்.

பக்கம் திருப்ப அவரே முன்வந்தாராம், டீச்சர் மறுத்துவிட்டாராம். அந்த இடத்தில் நான் உட்கார்ந்தது அவருக்கு ஆறாத புண் என்று ஊரில் பேச்சு. என்னைப் பார்த்தால் ஒரே கேள்விதான்.

“என்ன டிக்கெட்டு, இன்னைக்காவது வண்டி நேரத்துக்குப் போகுமா?”

அன்று வண்டி இரண்டு நிலையங்களைத் தாண்டி நின்றிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

கைதட்டல் முடிந்தது. மூவருக்கும் ஆளுக்கொரு கார்னேஷன் பூ. உள்ளறையில் டீச்சர் தன் பூவை என் பக்கம் நீட்டினார், நான் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி.

“ரெண்டு தாள் ஒட்டிக்கிச்சா விலெம்? சத்தம் கனமாக் கேட்டுச்சு.”

ஆமாம் என்றேன். நகர்ந்து போய்ப் பூவை வாங்கிக்கொண்டேன். 

இசை தெரிந்த யாரையும் அவர் ஏன் பக்கத்தில் சேர்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜனவரி வந்தது. ஸ்டீப்லோ எழுந்து நின்று அந்தச் செவ்வாய்க்கிழமைக் கச்சேரியைப் படித்தார். வெப்பக்குழாய் மூன்று முறை சத்தமிட்டது. செல்லோக்காரரின் காலணியில் சேறு. மூன்றாம் வரிசையில் யாரோ மிட்டாய்க் காகிதம் பிரித்தார்கள். நான் மேசைக்கடியில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தேன். அவர் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டார்.

டீச்சர் மேலும் ஐந்து குளிர்காலங்கள் வாசித்தார்.

இப்போது டீச்சரும் இல்லை, ஸ்டீப்லோவும் இல்லை. வட்டத்துக்கு ஐம்பது வயது. வரலாற்று மலர் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது, கூடவே பதிவேடும். முதலில் அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் தேடினேன். வெப்பக்குழாய், சேறு, மிட்டாய்க் காகிதம். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிழவர் கோபக்காரர், ஆனால் அன்று எப்படியோ பார்க்கத் தவறியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் சேர்ந்த வருடத்தைப் புரட்டினேன். அங்கே எந்த ஜனவரியிலும் படிக்கப்படாத நான்கு வரிகள் இருந்தன, அதே பென்சிலில்.

“பக்கம் திருப்ப நான் வருகிறேன் என்றேன். இசை படித்தவர் யாரும் வேண்டாம் என்றார் குபெஷோவா. காரணம் புரிந்தது, அவர் கண்ணைப் பற்றி இந்தப் புத்தகத்தில் எழுத மாட்டேன். ரயில் நிலையத்து விலெமின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்: எண் மட்டும் பார்ப்பான், தெரிந்தாலும் வாய் திறக்க மாட்டான்.”

மலர் நாற்பது பக்கங்களுக்கு வந்திருக்கிறது. அந்த வரிகள் அதில் இல்லை.