வெள்ளைக் காருக்கு உயிர்வாழ் சான்றிதழ்

“உங்க வண்டி எட்டு வருஷத்துக்கு முன்னாடியே காலமாயிடுச்சு சார்” என்றார் ஆர்.டி.ஓ. ஆபீஸ் குமாஸ்தா, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். குரலில் நிஜமாகவே துக்கம் இருந்தது.

நான் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன். உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்று பதிவாகியிருந்த அந்தக் காலமான வண்டி வெளியே வெயிலில் வெள்ளையாக நின்றுகொண்டிருந்தது.

முப்பத்தொரு வருடம் அடுத்தவர் காரை ஓட்டிப் பிழைத்தவன் நான். எனக்கென்று ஒன்று வாங்கியது போன வாரம்தான். பழைய பங்களா ஒன்றை வாங்கியவர், அதன் ஷெட்டில் தூசி படிந்து கிடந்த காரை என் தலையில் கட்டிவிட்டார். ஆர்.சி. புக்கை மட்டும் கேட்காதீர்கள் என்றார். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, நானும் கேட்கவில்லை.

பதிவு இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாதாம். ஆனால் நேரில் கொண்டுவந்து காட்டாமல் பதியவும் முடியாதாம்.

மெக்கானிக்கான என் மச்சான் கயிறு கட்டி இழுத்து வந்தான். வாசல் காவலாளி அதைக் கேட்பாரற்ற வண்டிகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். நாலு மணிக்கு லாரி வரும். பட்டியலில் உள்ளதையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் நசுக்கிவிடுவார்கள். அப்போது மணி மூன்றே கால்.

வீட்டில் என் மனைவி புதுப் புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள், முன் சீட்டில் ஏற.

குமாஸ்தா கெட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஓய்வூதியப் பிரிவில் இருந்துவிட்டு, போன திங்கட்கிழமைதான் மாற்றலாகி இங்கே வந்திருந்தார். காகிதத்தில் செத்தவர்களை எழுப்ப அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். தன் பையிலிருந்தே ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார்.

உயிர்வாழ் சான்றிதழ்.

இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். பெயர்: வெள்ளைக் கார். வயது: இருபத்தாறு. அங்க அடையாளங்கள் இரண்டு கேட்டிருந்தது. பின் கதவில் ஒரு கீறல், கூரையில் ஒரு துரு என்று போட்டோம். இடது பெருவிரல் ரேகை வைக்க வேண்டிய கட்டத்தில் சற்றுநேரம் திகைத்தார். பிறகு மச்சானை அனுப்பி, அடிச்சட்டத்தில் பொறித்திருந்த சேஸிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து வரச் சொல்லி, அதை வெட்டி ஒட்டினார்.

மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று அதன் சார்பில் நான் கையெழுத்துப் போட்டேன்.

கடைசிக் கட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டோம். மனுதாரரை இறப்புக்கு முன்பே அறிந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். மச்சானும் நானும் அதை இறந்த பிறகுதான் பார்த்தோம். விதி விதிதான் என்று குமாஸ்தா உதட்டைப் பிதுக்கினார். மணி மூன்று நாற்பது.

“எனக்குத் தெரியும் அந்த வண்டியை.”

சுவரோரம் பெஞ்சில் இருந்த அம்மா எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். மாதாமாதம் ஏதோ ஒரு பழைய நகல் கேட்டு வருபவராம். புதிதாக வந்த குமாஸ்தாவைத் தவிர அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது.

ஜன்னல் வழியே பின் கதவுக் கீறலைப் பார்த்தபடி, நம்பர் பலகையே இல்லாத வண்டியின் நம்பரை மளமளவென்று சொன்னார். கணினி ஆமாம் என்றது. உயிருடன் கடைசியாகப் பார்த்த நாள், நேரம்? தேதியைச் சொல்லி, காலை ஏழு இருபது என்றார். நான் என் கல்யாணத் தேதியையே யோசித்துச் சொல்கிறவன், வாயைப் பிளந்துவிட்டேன்.

“மனுதாரருக்கு நீங்க என்ன உறவு?” என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார் குமாஸ்தா.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். “தெரிஞ்சவங்கன்னு போட்டுக்குங்க.”

முத்திரை விழுந்தது. வண்டி பிழைத்தது. ஐந்தே நிமிடத்தில் என் பெயர் அச்சடித்த ஆர்.சி. புக் கைக்கு வந்தது. காவலாளி ஸ்கேல் வைத்துப் பட்டியலில் ஒரு வரியை அடித்தார். குமாஸ்தாவின் முகம், பிறந்த குழந்தையைத் தூக்கிக் காட்டுகிற நர்ஸின் முகம் போல இருந்தது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம்.

அந்த அம்மாவிடம் ஓடினேன். எங்கே போக வேண்டுமானாலும் சொல்லுங்கள், என் காரில் இறக்கிவிடுகிறேன் என்றேன்.

அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, சான்றிதழின் நகல் ஒன்றைக் குமாஸ்தாவிடம் கேட்டு வாங்கினார். நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

“வண்டியே உலகத்துல இல்லைன்னு சொல்லித்தான் கேஸை மூடிட்டாங்க அண்ணா. என் வீட்டுக்காரர் பால் வாங்க சைக்கிள்ல போனவரு, இந்த வண்டி மோதி அங்கேயே போயிட்டாரு. இப்ப வண்டி உயிரோட இருக்குன்னு ஆபீஸே எழுதிக் குடுத்துடுச்சு. இனிமே கேஸ் நடக்கும்.”

வெளியே லாரி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. என் வண்டியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஏற்ற ஆரம்பித்தார்கள்.

கேஸில் மாட்டி, கோர்ட் வாசலில் வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் நிற்கும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். டயர் மண்ணோடு மண்ணாகிவிடும். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன் சீட்டையும் புதுப் புடவையையும் ஒரு தடவை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

“உங்க மேல ஒண்ணும் இல்லைண்ணா. இப்ப வண்டி யார் பேர்ல இருக்குன்னு கோர்ட்ல கேப்பாங்க” என்று ஒரு துண்டுக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார்.

பெயரைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன். அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, தப்பாகிவிடக் கூடாதென்று கதவு எண்ணை இரண்டு தடவை சொன்னேன்.