நாலு வால்வு

டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஹாலில் அதன் இடத்தில் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர், தன் கண்ணாடிக் குமிழ் வால்வுகள் தணலாய் எரிய, பாடியது.

ஒருநாள் ஹாலில் இருப்பதன் ஜாடையிலேயே இன்னொரு வால்வு ஆம்ப்ளிஃபயரும் கட்டிலடிக்கு வந்து சேர்ந்தது.

"இங்க சும்மா கொஞ்ச நேரம்தான். ஹால்ல பாடத்தான் இன்பராஜ் சார் என்னை வாங்கியிருக்கார்," என்றது.

டிரான்சிஸ்டருக்கு எல்லார் குரலும் வரும். இன்பராஜ் மாதிரியே மூக்கால் இழுத்தது: "என்னா இதம்யா. பழசு பழசுதான்யா."

புதிதாக வந்த ஆம்ப்ளிஃபயர் சிரித்தது. "அச்சு அசல் இப்படியேதான் சொன்னார். என்னோட நாலு வால்வையும் கழற்றி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். அசந்துட்டார்."

"பாட வெச்சுக் கேட்டாரா?"

"அதுக்கென்ன அவசரம்?"

டிரான்சிஸ்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஹாலில் பாடும் ஆம்ப்ளிஃபயருக்கு வால்வு தேய்ந்து, ஒரு வாரமாகக் குரல் கம்முகிறது. அந்த ரக வால்வு இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

சாயங்காலம் இன்பராஜ் வந்தார். நாலு வால்வையும் பிடுங்கிக்கொண்டு, வெறும் பெட்டியைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் ஹாலில் பாட்டு கிளம்பியது. விருந்தாளிகள் சபாஷ் போட்டார்கள்.

"அண்ணே," என்றது புதிதாக வந்த ஆம்ப்ளிஃபயர், சன்னமாக. "உடம்பெல்லாம் சில்லுனு இருக்கு. ஆனா பாட்டு கேக்குது. பாடுறது நான்தானே?"

டிரான்சிஸ்டரின் நாக்கு நுனிவரை இன்பராஜின் குரல் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டது.

"நீதான்டா," என்றது, தன் சொந்தக் குரலில்.